சின்னப்பரின் முள்

தெரேசா அக்காவின் சிறுநீரகம் பொருந்தவில்லை என்பதை முடிவு வந்த அன்று யோக்கிம் அண்ணையிடம் நான் சொல்லவில்லை. போன வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது அண்ணை மூச்சடங்கிப் போனார் என்று அக்கா தொலைபேசியில் அழுதபோதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான்.

மூன்று ஆண்டுகளாக, செவ்வாயும் வெள்ளியும், இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரங்களோடு நாங்கள் அடுத்தடுத்த கட்டில்களில் கிடந்தோம். நாலு மணித்தியாலம் கையை அசைக்க முடியாது. தாகமெடுத்தாலும் அளந்துதான் தண்ணீர். நான் புத்தகத்துக்குள் ஒளிந்துகொள்வேன். முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்த அவருக்குக் கதைக்காமல் இருக்க வராது.

முதல் மாதத்தில் நான் அழுத ஒரு நாள், "எங்கட சின்னப்பர் மறியல்ல காலைப் பூட்டி வைச்சிருக்கேக்கயும் பாடினவர், பிள்ளை" என்றார். அவருடைய சித்தப்பா என்று எண்ணிக்கொண்டேன். யாருடைய சித்தப்பா எதற்காகச் சிறையில் இருந்தார் என்று எங்கள் பக்கத்தில் கேட்பதில்லை. பின்னொரு நாள், "சின்னப்பருக்கு உடம்பில ஒரு முள். எடுத்துவிடும் எண்டு ஆண்டவரிட்ட மூண்டு தரம் மன்றாடினவர். எடுக்கேல்லை" என்றார். மனம் பொறுக்கவில்லை.

"ஏன் அண்ணை, ஒருத்தரும் டொக்டரிட்டக் காட்டேல்லையோ?"

அவர் சிரித்த சிரிப்பில் கை ஆடி, இயந்திரம் கூவத் தொடங்கியது. தாதி ஓடி வந்தார்.

"மிஸ், இவா அப்போஸ்தலரை வார்ட்டில விடச் சொல்லுறா! பிள்ளை, பவுலைத்தான் நாங்கள் சின்னப்பர் எண்டுறது. செத்து ரெண்டாயிரம் வருசம். கொஞ்சம் பிந்திப்போச்சு."

"பிறகு முள்?"

"அது இருந்தது. அவரும் அதோடயே நடந்தவர். தன்ர அருள் போதும் எண்டிட்டாராம் ஆண்டவர்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கும் எல்லா நாளும் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். "போதும் எண்டவருக்கு ஊசி குத்துறேல்லைத்தானே" என்று ஒருநாள் முணுமுணுத்துவிட்டு, உடனே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

அவருடைய தம்பியின் சிறுநீரகம் பொருந்தவில்லை. மருமகனுடையதும் பொருந்தவில்லை. மூன்றாவதாகத் தங்கை தெரேசா அக்கா முன்வந்தார். முடிவு வந்த செவ்வாய்க்கிழமை அவர் என்னை வாசலில் மறித்தார். "சரிவரேல்லை தங்கச்சி. அண்ணாவுக்கு நானே சொல்லுறன். நீர் வாய் திறக்காதையும்."

உள்ளே போய், கையில் ஊசியோடு, அண்ணையின் அருகில் கிடந்தேன். எழுந்து போகவும் வழியில்லை. புத்தகத்தில் அதே பக்கம்.

ஊசியைக் கழற்றும் நேரத்தில்தான் அண்ணை வாய் திறந்தார். "வாசல் கண்ணாடிக்குள்ளால உங்கள் ரெண்டுபேரையும் பாத்தனான். எனக்குத் தெரியும் எண்டு அவளுக்குச் சொல்லாதையும், பிள்ளை. அவள் சொன்னாச் சொல்லட்டும், இல்லாட்டி விடட்டும். தாறன் எண்டு வந்தவளல்லோ." பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "மூண்டு தரமும் கேட்டாச்சு. நான் நாலாந்தரமும் கேப்பன். சின்னப்பர் கோவிக்க மாட்டார்."

அக்கா அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை இதை வாசிக்கும்போதுதான் அக்காவும் அறிவார்.

அண்ணையிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்த நாலாந்தரத்தை. எங்கள் ஊர் ஸ்கந்தபுரத்தில் நான் கேட்பது முருகனிடம். கேட்கும் விதம் மட்டும் அவருடையது.

இந்தச் செவ்வாய்க்கிழமை அவருடைய கட்டிலில் வேறொருவரைப் படுக்க வைத்தார்கள். என்னை என்னுடைய கட்டிலில்.