“ஊருக்குப் போறன்” என்றால்

முந்தலில் இறால் பதனிடும் தொழிற்சாலையொன்றில் நான் மேற்பார்வையாளர். போர் முடிந்தபின், மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பெண்கள் ஒவ்வொருவராக “ஊருக்குப் போறன்” என்று சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றார்கள். மும்தாஜும் அப்படிச் சொன்னதும் வேறு ஆள் தேடினேன். அடுத்த வாரமே அவர் வாசலில் நின்றார்.

“நீங்க வேலைய விட்டுட்டீங்கதானே?”

“ஆரு சொன்ன? ஊரப் பாக்கத்தான் போனன், சேர். வீட்டுக்குள்ள மரம் நிக்குது. அதில குரங்கு மாதிரி இருக்கவா? கிணத்துத் தண்ணி மட்டும் அதே ருசி.”

“அப்ப மத்தவங்க?”

“அவங்களும் பாக்கத்தான் போன. திரும்பி வந்தா வேலைக்கு எடுக்க மாட்டீங்கன்னு பயந்துட்டாங்க.”

நல்லவேளை, புதிய ஆள் கிடைத்திருக்கவில்லை. இப்போது யாராவது ஊருக்குப் போவதாகச் சொன்னால், “எப்ப வாறீங்க?” என்று கேட்டு விடுமுறை கொடுக்கிறேன். அநேகமாக எல்லோரும் திரும்பி வருகிறார்கள்.