நான் நட்ட குச்சியில் ஒரு காக்கை

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம், அடையாறு முகத்துவாரத்தில் நடந்தது இது. அப்போது நான் பறவைப் பாதுகாப்புக் குழு ஒன்றில் களப்பணியாளன். தரையில் முட்டையிடும் பறவைகளின் கூடுகளைத் தேடிக் குறித்து, வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பது வேலை.

எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. மயிலாப்பூரில் என் வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு இருநூற்றுப் பதினான்கு காலடி. பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

மணல்திட்டில் ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தது. கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகக் கிடந்தன. தவறி மிதித்துவிடுவேனோ என்ற பயத்தில் பக்கத்திலேயே ஒரு மூங்கில் குச்சியை நட்டு வைத்தேன். வாரம் ஒருமுறை போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள், மனசு கேட்கவில்லை. தினமும் இரண்டு தடவை போய் எண்ணினேன். குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றும்.

ஆறாம் நாள் மூன்று முட்டைதான் இருந்தது. மறுநாள் இரண்டு. நாயின் வேலை என்று நினைத்து மணலில் கால்தடம் தேடினேன். ஆற்றில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்தார்.

"இன்னா சார், இன்னாத்த தேடிகினு கீற?"

சொன்னேன்.

"நாய் இல்ல சார். உன் குச்சியப் பாரு."

குச்சியின் மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

"நீ வந்தா குருவி எய்ந்து பூடுது. நீ அப்பால போனதும் இது எறங்குது. சோறு எங்க கீதுன்னு காட்டிட்டு, உக்கார எடமும் போட்டுக் குட்த்துட்ட."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அம்மா."

"நோட்டுல எய்திகினு இருந்த. படிச்ச ஆளு, தெரிஞ்சிதான் செய்றன்னு நெனச்சேன்."

குச்சியைப் பிடுங்கினேன். அதன் பிறகு கூட்டுப் பக்கமே போகவில்லை. இறால் பிடித்தபடியே அவர் ஒரு கண் வைத்துக்கொண்டார். காக்கை இறங்கினால் சேற்றுருண்டை பறக்கும். நான் கரையில் வந்து நின்றால், தூரத்திலிருந்தே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார். 'இரண்டு' என்று எழுதிக்கொண்டு திரும்பிவிடுவேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, அவர் விரலைத் தூக்கவில்லை. சிரித்துக்கொண்டே நீரோரத்தைக் காட்டினார். குருவியின் பின்னால் இரண்டு குஞ்சுகள், நெட்டைக் கால்களில் தடுமாறி ஓடிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு முறைதான் எண்ணினேன்.

இப்போதும் வெளியூரில் இருக்கும் மகளுக்கு ஒரே நாளில் இரண்டாம் தடவை போன் செய்யக் கை போகும்போது, ஆற்று நடுவில் உயர்ந்த அந்த ஈர விரல்கள் இரண்டும் கண்முன் வந்து நிற்கின்றன; கையை எடுத்துக்கொள்கிறேன்.