மல்லாட்டைத் தோல் எந்த வாளி?

திண்டிவனத்துக்கு வெளியே இந்த நகருக்குக் குடிவந்து ஒரு வாரம்தான் ஆகிறது. இன்று காலை குடியிருப்போர் சங்கச் செயலாளர் எங்கள் வாசலில் நின்று, வேர்க்கடலைத் தோல் கிடந்த பச்சை வாளியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, மல்லாட்டைத் தோலை மக்குற குப்பையில போட்டுகினு இருக்கீங்க? காஞ்சதெல்லாம் நீல வாளி. சங்கத்து ரூல்ஸ் தெரியாதா?"

"அது மக்கும் சார். எங்க கொல்லையில அதத்தான் எருவாப் போடுவோம்."

"புதுசா வந்தவங்க சொன்னா கேட்டுக்கணும்."

அவர் தெருமுனை திரும்புவதற்குள் என் வாளியின் படம் நகர் வாட்ஸப் குழுவில் வந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது; ஆனால் குழுவில் பதில் எழுதவில்லை. மல்லாட்டை வறுத்தேன்.

மாலை சங்கக் கூட்டத்தில் ஒரு தூக்கு நிறைய வைத்தேன். பக்கத்திலேயே என் பச்சை வாளியையும் நீல வாளியையும் வைத்தேன்.

செயலாளர்தான் அதிகம் தின்றார். குப்பை வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே, தோலைக் கைநிறைய அள்ளிப் பச்சை வாளியில் போட்டார்.

எல்லோரும் வாளியை எட்டிப் பார்த்தார்கள். அவர் மனைவிதான் முதலில் சிரித்தார்.

"ஜல்தி போட்டோ எடும்மா, குரூப்ல போடலாம்!"

எடுத்தேன். போட்டும் விட்டேன்.

அடுத்த கூட்டத்துக்குக் கோழி பிரியாணி கொண்டுபோகிறேன். எலும்பு எந்த வாளி என்று தெரிந்தவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.