பார்த்துச் சொல்கிறோம்

சித்தப்பாவின் வெள்ளைச் சட்டைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எழுபதுகளின் கடைசியில், தொடர்ந்து மூன்று ஞாயிறு அதைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஈப்போவின் புந்தோங்கிலிருந்து சிலிம் ரிவர் ஊருக்குப் பஸ் ஏறினார். அங்கே ரப்பர் தோட்டத்தில் அவருக்குப் பெண் பார்த்திருந்தோம். பெண்ணின் அண்ணன் "பாத்துச் சொல்றோம்" என்றார். வேண்டாம் என்று சொல்லத் துணிவில்லாத எங்கள் ஆட்கள் ஒளிந்துகொள்ளும் சொல் அது. சித்தப்பாவோ, பார்த்தாயிற்றா என்று கேட்கப் போனார்.

அவர் வாசலில் போய் நிற்பதை அப்பா உறவினர் முன்னால் நடித்துக் காட்டுவார். "ஆளுங்க மனசு புரியாத ஜென்மம்லா இவன்!" கூடத்தில் கட்டியணைத்து, அடுப்படியில் புறம் பேசும் அந்தக் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அப்போது ஈப்போவில் டைப்பிஸ்டாக இருந்த நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாம் ஞாயிறு அந்தப் பெண்ணே வாசலுக்கு வந்தாள். "எங்கண்ணன் சொல்ல மாட்டாரு. அவருக்கு இஷ்டமில்ல. எனக்கு இருக்கு."

"அப்ப எப்ப கல்யாணம்?" என்று கேட்டாராம் சித்தப்பா.

அந்த ஆண்டே நடந்தது. சித்தி அவரிடம் ஒருபோதும் ஜாடையாகப் பேசியதில்லை. "எனக்குக் கோவம். பேசாம பக்கத்துல ஒக்காருங்க" என்பார். அவரும் உட்காருவார். கோபம் தீர்ந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

சித்தப்பாவின் இந்தச் சுபாவத்தை இன்று ஆட்டிசம் என்கிறார்கள். பிறர் மனத்தை அறிவது இப்படிப்பட்டவர்களுக்குக் கடினம் என்று படித்தவர்கள் விளக்குகிறார்கள். இருக்கட்டும். சித்தப்பா மனத்தில் என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரிந்தது? தெரியாததை அவர் கேட்டார். நாங்கள் கேட்காமலேயே தீர்ப்புச் சொன்னோம்.

எண்பதுகளில் அப்பா நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆரஞ்சுப் பழப் பைகளோடு வந்த உறவினர்கள், "ஒண்ணுமில்லண்ணே, அடுத்த வாரம் வீட்டுக்குப் போலாம்" என்றார்கள். வராந்தாவுக்குப் போனதும் யார் கொள்ளி வைப்பது என்று குசுகுசுத்தார்கள். சித்தப்பா கட்டிலருகே போய், எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்: "அண்ணே, பயமா இருக்கா?"

ஓர் அத்தை அவர் முழங்கையைக் கிள்ளினார். அப்பா கண்களைத் திறந்தார்.

"ஆமாடா. ரொம்ப. போயிராத."

சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாங்களெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.