அரை இஞ்ச் ஓரம்

நேற்று ஆன்லைனில் ஏற்றிய அறிக்கை மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தது. இடது ஓரம் சரியில்லையாம். சொன்னது ஆளா இயந்திரமா என்றுகூடத் தெரியவில்லை. அலுத்துப்போய் ஏசியைப் போட்டேன். அந்தக் குளிர்ந்த தூசி வாசனை என்னை எண்பதுகளின் கடைசிக்கு, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டருக்குக் கொண்டுபோய்விட்டது.

அங்கே செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஸ்ரீரங்கத்துக்காரனான நான் கோயிலுக்கு அடுத்தபடி பயபக்தியோடு நுழைந்த இடம் அதுதான். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்த திமிர் வேறு. வரி முடிந்தால் என்டர்; பத்தி தொடங்கினால் ஸ்பேஸ் பாரில் கட்டைவிரலால் ஐந்து தட்டு. வரியை அதுவே மடிக்கும், பத்தியை அதுவே உள்ளே தள்ளும் என்று முதலாளி சொல்லத்தான் சொன்னார். மெஷினை நம்பிக் கையைச் சும்மா வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

லூர்து மேரி மேடம் காலேஜில் காமர்ஸ் பாடம் நடத்தியவர். மணப்பாறை மாட்டுச் சந்தை பற்றிய அவருடைய ஆய்வேட்டையும் இப்படித்தான் நூற்றுப்பத்து பக்கம் அடித்து வைத்திருந்தேன். கடைசி நாள் காலையில் வந்து, பைண்டிங்குக்கு இடப்பக்கம் இன்னும் அரை இஞ்ச் வேண்டும் என்றார். மாலைக்குள் பைண்ட் செய்து சமர்ப்பிக்காவிட்டால் அவருக்கு வேலை நிரந்தரமாகாது.

ரெண்டே நிமிஷம் என்று சொல்லி மார்ஜினை மாற்றினேன். ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல் கழன்று கீழே தனியாக விழுந்தது. சந்தையில் கயிறு அவிழ்ந்த மாடுகள் மாதிரி பக்கம் முழுக்க சொற்கள். ஒவ்வொரு என்டராக அழிக்கத் தொடங்கினேன். பதினொரு மணிக்கு ஆறாம் பக்கத்தில் இருந்தேன். சட்டை நனைந்துவிட்டது, அந்த ஏசியிலும். வோல்டேஜ் சரியில்லை என்று புளுகினேன்.

மேடம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வோல்டேஜ் உங்களுக்குத்தான் கொறஞ்சிருக்கு தம்பி. நேத்து அடிச்சது ஃப்ளாப்பியில அப்படியே இருக்குல்ல? அதையே எடுங்க. பிரின்டர்ல பேப்பரை அரை இஞ்ச் இந்தப் பக்கமா தள்ளி மாட்டுங்க. டைப்ரைட்டர்ல அப்படித்தானே செய்வோம்?"

ஹையர் பாஸ் செய்தவன் நான்.

தள்ளி மாட்டினேன். மூன்று மணிக்குக் கடைசித் தாளும் வந்தது. பிரின்டர் பல் மாட்டுவதற்காகத் தாளின் இரண்டு ஓரத்திலும் இருந்த ஓட்டைப் பட்டைகளை ஆட்டோவில் கிழித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, தாள்களை மொத்தமாக மடியில் வைத்துக்கொண்டு பைண்டரிடம் போனார். அடுத்த மாதம் ஒரு பொட்டலம் மணப்பாறை முறுக்கு வந்தது. வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அர்த்தம்.

சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். நேற்று நான்காவது தடவையாக அறிக்கையைத் திறந்தபோது கட்டைவிரல் தானாக ஐந்து முறை தட்டியது. தள்ளி மாட்டப் பேப்பர் இல்லை. வோல்டேஜ் யாருக்குக் குறைந்திருக்கிறது என்று சொல்லப் பக்கத்தில் ஆளும் இல்லை.