முடிச்சில்லாத மணிக்காப்பு

அக்காவின் போத்தலிலிருந்து கறுத்த மணிகள் காணாமற்போனபோது எல்லோரும் முதலில் பார்த்தது என்னைத்தான். வீட்டில் எது உடைந்தாலும் தொலைந்தாலும் என் பக்கம் திரும்பிப் பார்த்தே அவர்களுக்குப் பழகிவிட்டது.

பாடசாலைக் கண்காட்சிக்காக அக்கா ஊசியும் நூலும் கொண்டு ஒரு காப்புக் கோத்துக்கொண்டிருந்தாள். அதில் ஒவ்வொரு பூவுக்கும் நடுவில் கறுத்த மணி வரவேண்டும்.

"நீதான்ரா எடுத்தனி. உன்ரை முழியிலேயே தெரியுது."

"நான் எடுக்கேல்லை! எனக்கென்னத்துக்குக் காப்பு?"

கள்ளன் பிடிபடும்வரை என் பட்டம் அலுமாரிக்கு மேலேயே இருக்கும் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். தைப்பொங்கல் நெருங்கிவிட்டது. வெளியே அருமையான காற்று. கள்ளனை நானே பிடிப்பதென்று முடிவெடுத்தேன்.

இந்தக் களவில் ஒரு விசித்திரம் இருந்தது. ஒருநாள் மணி குறையும், இன்னொருநாள் பார்த்தால் திரும்பி வந்திருக்கும். "பயத்திலை திருப்பி வைச்சிட்டான்" என்று அதற்கும் என்னையே சொன்னாள் அக்கா.

அப்பாவுக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாது. அம்மாவுக்கு நேரமில்லை. மிஞ்சியது சின்னம்மா. அம்மாவின் தங்கையான அவர் நீர்வேலியிலிருந்து வந்து எங்கள் அறையில் படுத்தே கிடந்தார். "அவவுக்குச் சுகமில்லை, கரைச்சல் குடுக்காதை" என்பார் அம்மா. எனக்கு அதிலும் நம்பிக்கை இல்லை. சுகமில்லாத ஆள் தேசிக்காய் ஊறுகாயைப் போத்தலோடு வைத்துத் தின்பாரா?

ஒரு பின்னேரம் அவர் கிணற்றடிக்குப் போனதும் தலையணையைத் தூக்கினேன். இருந்தது! கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிக் கோத்த சரம். என் இரண்டு விரல் நுழையும் அளவுதான். ஊசி இன்னும் நூலில் தொங்கியது. கடைசி மணியில் மட்டும் நூலைச் சுற்றித் தடை வைத்திருந்தார். முடிச்சு எங்குமே இல்லை. இப்படியே கொண்டு ஓடினால் சாட்சி வழியிலேயே கொட்டிவிடும். ஊசியைக் கழற்றி, இரண்டு நுனியையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

"கள்ளி பிடிபட்டாச்சு! சின்னம்மாதான்!" என்று கத்திக்கொண்டு, அம்மாவும் அக்காவும் சமையலில் நின்ற குசினிக்குள் ஓடினேன்.

கிணற்றடியிலிருந்து வந்த சின்னம்மா என் கையைப் பார்த்ததும் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆர் ராசா இதிலை முடிச்சுப் போட்டது?"

களவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அம்மா அதைப் பறித்துக் கத்தரிக்கோலால் வெட்டினார். மணிகள் நிலமெங்கும் உருண்டன. "ஒண்டுமில்லையடி. சின்னப்பெடியன் தெரியாமல் போட்டது, ஒண்டும் ஆகாது" என்று சின்னம்மாவின் முதுகைத் தடவினார். பிறகு அக்காவிடம், "மணி எடுத்தது நான்தான்" என்றார்.

அது பொய். அம்மாவும் கூட்டு என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. பட்டம் கீழே இறங்கியது. சந்தேகம் இறங்கவில்லை.

சித்திரை வெயிலில் சின்னம்மாவுக்கு மகள் பிறந்தாள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த அன்று அவர் என்னைக் கூப்பிட்டார். மடியில் பிள்ளை, கையில் அதேபோலக் கறுப்பு வெள்ளைச் சரம்.

"இஞ்சை வா ராசா. முடிச்சு நீதான் போடவேணும்."

"மாட்டன். போட்டால் வெட்டுவியள்."

"இனி வெட்டமாட்டம். நல்லா இறுக்கிப் போடு."

அம்மாவின் கையில் கத்தரிக்கோல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மா மட்டும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

பிள்ளை பிறக்கும் முன்னே அதற்கென்று ஒரு துண்டுத் துணிகூட எடுத்துவைக்கமாட்டார்கள் எங்கள் ஊரில். சின்னம்மா முன்பு இரண்டு தடவை ஆசைப்பட்டு எடுத்துவைத்தவராம். அந்த இரண்டு பிள்ளைகளும் வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் முறை, கை சும்மா இருக்காமல் கோத்தார். முடிச்சுப் போட்டால் பிள்ளைக்கென்று எடுத்துவைத்ததாகிவிடும் என்று பயந்து உருவினார். மணிகளைப் போத்தலில் திரும்பப் போட்டார். மறுபடி கோத்தார்.

இதெல்லாம் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பிள்ளையின் கையில் கிடப்பது அக்காவின் மணி. அதை ஒருவருமே கேட்கவில்லை, அக்காகூட.