அழுக்கில்லாத காக்கிச் சட்டைகள்

அந்த வருடம் எங்கள் வரிசை வீடுகளின் கொடியில் காய்ந்த காக்கிச் சட்டைகளில் துவைப்பதற்கு அழுக்கே இருந்ததில்லை. இருந்தாலும் துவைத்தோம். காலர் மடிப்பில் வழக்கமாகப் படிந்திருக்கும் கருமணல் இல்லை, கைமடிப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, முதுகில் வியர்வை காய்ந்த வெள்ளைக் கோடுகூட இல்லை. காலையில் அரை மணி நேரம் மட்டும் உடம்பில் இருந்துவிட்டுக் கழன்ற சட்டைகள். குழாயடியில் அவற்றைக் கும்மும்போது கல்லின் சத்தம்கூட வேறு மாதிரி கேட்டது. முன்பெல்லாம் கறை போகவில்லையே என்று அலுத்துக்கொண்ட நானே, சட்டையை உதறிப் பிடித்து எங்காவது ஒரு கறை தெரிகிறதா என்று தேடியிருக்கிறேன்.

திருவொற்றியூரில், நெடுஞ்சாலைக்குப் பின்னால் ஆறு வீடுகளும் ஒரு குழாயுமாக இருந்த வரிசை எங்களுடையது. அதில் நான்கு வீட்டு ஆண்கள் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ரயில் வேகன்களுக்கு வேண்டிய இரும்பு பாகங்களை வார்த்துக் கொடுக்கும் கம்பெனி. அறுபதுகளின் பின்பாதியில் ரயில்வே ஆர்டர் குறையத் தொடங்கியது. முதலில் இரவு ஷிப்டை எடுத்தார்கள். பிறகு இரண்டாவது ஷிப்ட் போயிற்று. ஒருநாள் காலை கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதை எழுதிக்கொண்டு வந்து குழாயடியில் எல்லோருக்கும் படித்துக் காட்டியது நான்தான். எங்கள் வரிசையில் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்த பெண் நான் ஒருத்தி.

லே ஆஃப். வேலை இல்லை, ஆனால் வேலையை விட்டு நீக்கவும் இல்லை. தினமும் காலைச் சங்கு ஊதும்போது காக்கி உடையோடு கேட்டில் நின்று, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அப்படிப் போட்டவர்களுக்குப் பாதிச் சம்பளம். லே ஆஃப் காலத்தில் வேறு இடத்தில் வேலை பார்ப்பவர்களின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். இந்தக் கடைசி வரியையும் நான்தான் என் வாயால் படித்தேன். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ள எனக்கு வழி இருக்கக் கூடாது.

வேலை நின்றால் தெருவில் முதலில் மாறுவது வெளிச்சம் என்று எனக்குத் தோன்றியது. பட்டப்பகலில் வாசல் வாசலாக ஆண்கள் உட்கார்ந்து தெருவை மறைத்தார்கள். எங்கே உட்காருவதென்றே அவர்களுக்குத் தெரியவில்லை. பெண்கள் பெருக்கவும் தேய்க்கவும் வரும்போது எழுந்து எழுந்து நகர்ந்தார்கள். டீக்கடையில் ஒரு டீயை இரண்டு கிளாசில் ஊற்றிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளின் விளையாட்டில்கூட அவுட் ஆனவனை "நீ லே ஆஃப்டா, ஓரமா நில்லு" என்றார்கள். முடிவெட்டுகிறவர் கடையை மதியமே மூடினார். நிச்சயமான இரண்டு கல்யாணங்கள் ஆடிக்குப் பிறகு, தைக்குப் பிறகு என்று தள்ளிக்கொண்டே போயின. மண்ணெண்ணெய் கிடைக்காமல் எல்லோரும் மரத்தூள் அடுப்புக்கு மாறியதால் சாயங்காலங்களில் வரிசை முழுக்கக் கண் எரிந்தது. கையெழுத்துப் போடக் கிளம்புகிறவர்களைப் பார்த்து மீன்காரி மட்டும் சளைக்காமல் கேலி செய்வாள்: "இன்னா நைனா, பேங்க் மேனேஜர் மாரி கையெழுத்து மட்டும் போட்டுட்டு வர்றியா? குட்த்து வச்சவன்பா நீ!" முதல் வாரம் சிரித்தார்கள். பிறகு அவள் வரும் நேரம் பார்த்து உள்ளே போனார்கள்.

எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ராயபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அக்காவின் அண்ணன் தம்பிகள் கடலுக்குப் போகிறவர்கள். அவள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் கம்பெனியில் பதினோரு வருடமாக மணலில் அச்சு எடுக்கும் மோல்டர். என் வீட்டுக்காரருக்கு அங்கே மூன்று வருடம்தான். அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்து, தன் பக்கத்து வீடு காலியானபோது எங்களை அங்கே குடிவைத்ததும் அண்ணன்தான். எனக்கு அப்போது மகள் பிறந்து எட்டு மாதம். தாய்ப்பால் தவிர வேறெதையும் அவள் வாயில் வைக்கவிடவில்லை. குழந்தையின் எடை குறைகிறதோ, பால் போதவில்லையோ என்று ஒரு நாளைக்குப் பத்து முறை அக்காவிடம் போய் நிற்பேன். "இன்னாடி, மறுபடியும் தராசு தூக்கினு வன்ட்டியா? கொயந்த நல்லாத்தான் கீது. நீதான் காத்துல பறக்கற மாரி கீற, போய் சாப்டு" என்று விரட்டுவாள்.

மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாதிச் சம்பளத்தில் அண்ணனால் ஓட்ட முடியவில்லை. காலையில் கேட்டில் கையெழுத்துப் போட்டதும் சட்டையைக் கழற்றிப் பையில் சுருட்டிக்கொண்டு, பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டுக்கு சைக்கிளில் போய் நிலக்கரி இறக்கத் தொடங்கினார். இது வரிசையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. அவருடைய கரி படிந்த லுங்கியை அக்கா குழாயடிக்குக் கொண்டுவரவே மாட்டாள். வீட்டுக்குள்ளேயே அலசி உள்கொடியில் போடுவாள். வெளியில் காய்வது அழுக்கில்லாத காக்கி மட்டும்தான். "எவன் வந்து கேட்டாலும் சர்ச்சுக்குப் போய்க்கீறாருன்னு சொல்லு" என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தாள். "அவரு அங்க கால் வச்சே வருசமாவுது. மாதாவுக்கே ஆச்சரியமா இருக்கட்டும்."

நான்காவது மாதத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. எங்கிருந்தோ ஆர்டர் வந்திருக்கிறது, இரண்டாவது ஷிப்டைத் திறக்கப் போகிறார்கள், ஆனால் எல்லோரையும் எடுக்கமாட்டார்கள், வருடக் கணக்குப்படி பட்டியல் போட்டு வீடு வீடாக வந்து கூப்பிடுவார்கள், ஆள் வீட்டில் இல்லாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். யார் சொன்னது என்று கேட்டால் ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டினார்கள். ஆனால் எல்லோரும் நம்பினோம். வரிசையில் செருப்புச் சத்தம் கேட்டாலே ஆறு கதவிலும் தலை தெரியும். பட்டியலில் அண்ணன் மேலே இருப்பார். என் வீட்டுக்காரர் அடியில், வருவதும் வராததும் தெரியாத இடத்தில். அதை நினைத்து நினைத்து எனக்குச் சாதம் இறங்கவில்லை.

அன்று என் வீட்டுக்காரர் ரேஷன் கடை வரிசையில் நிற்கப் போயிருந்தார். அக்கா ராயபுரத்துக்குத் தன் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். பகல் பதினோரு மணி இருக்கும். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டையும் குடையுமாக ஒருவர் வந்தார். பள்ளிக்கூட வாத்தியார் போலிருந்தார். கையில் டைப் அடித்த தாள். பூட்டியிருந்த அக்கா வீட்டைக் காட்டி, "இவங்க வீட்டுக்காரர் இல்லையாம்மா?" என்றார்.

"கம்பெனியிலேருந்தா சார் வர்றீங்க?"

"ஆமாம்மா. டைம் ஆபீஸ், பதிவேடு பார்க்கற இடம்."

"லிஸ்ட் போட்டுட்டாங்களா சார்?"

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "லிஸ்ட்தாம்மா இது" என்றார். "அவரைப் பார்க்கணுமே, எங்கே போயிருக்கார்?"

சர்ச் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. இல்லாத ஆள் என்று அந்தத் தாளில் அடித்துவிட்டால் அண்ணன் பதினோரு வருடத்தையும் இழந்துவிடுவாரே என்று பதறினேன். பதறினேன் என்பது உண்மை. "பேசின் பிரிட்ஜ் யார்டுல இருப்பார் சார், நிலக்கரி இறக்குற எடத்துல. பேரை விட்டுடாதீங்க சார். நான் வேணா இப்பவே ஆள் அனுப்பிக் கூப்பிடுறேன்."

"வேண்டாம்மா. நான் பார்த்துக்கறேன்."

சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து அந்தத் தாளில் ஏதோ எழுதினார். குடிக்கத் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குழந்தையின் பெயரைக் கேட்டுக் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. நல்ல செய்தியை நான்தான் முதலில் சொல்லப் போகிறேன் என்று அக்கா திரும்பும்வரை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். ஆனால் அவள் வந்து பூட்டைத் திறந்தபோது, ஏனோ சொல்லவில்லை. முதலில் கூப்பிட்டு அனுப்பட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை கேட்டில் அண்ணனிடம் பதிவேட்டைக் கொடுக்கவில்லை. விசாரணைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். யார்டில் வேலை செய்ததை அவர் மறுக்கவில்லை. பெயரை எடுத்துவிட்டார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்து, அக்கா கையில் கொடுத்ததை என் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சத்தம் இல்லை, அழுகை இல்லை. "இன்னா, பதினோரு வருசம் போயே போச்சா?" என்று அக்கா கேட்டது மட்டும் காதில் விழுந்தது. அவர் ஏதோ நீளமாகச் சொன்னார்.

அன்றிலிருந்து அவர்கள் கிளம்பிப் போகும்வரை இருந்த இருபது நாட்களும் நான் எப்படி இருந்தேன் என்று எழுதத் தெரியவில்லை. அக்கா வாசல் பக்கம் வரும்போதெல்லாம் இப்போது கேட்கப் போகிறாள் என்று காத்திருப்பேன். நானே சொல்லிவிடலாம் என்று எழுந்து போவேன், குழந்தைக்கு மாந்தமா என்று கேட்டுவிட்டுத் திரும்புவேன். என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் எந்த மாற்றமும் தெரியவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஒருநாள் தம்பி கொண்டுவந்து கொடுத்தது என்று, தாய்ப்பால் ஊறக் கொடுக்கும் பால் சுறாவில் புட்டு செய்து ஒரு தட்டு நிறைய எனக்குக் கொண்டுவந்தாள். அவள் பிள்ளைகள் அன்று கஞ்சி குடித்ததை நான் பார்த்திருந்தேன். "இன்னா பாக்கற? துன்னு" என்று நான் முடிக்கும்வரை நின்றாள். முழுக்கத் தின்றேன். மறுத்தால் காரணம் கேட்பாளோ என்ற பயம்.

அவர்கள் ராயபுரத்துக்கே போய்விட்டார்கள். அடுத்த மாதம் உண்மையிலேயே பட்டியல் வந்தது. யாரும் வீடு தேடி வரவில்லை, கேட்டில்தான் ஒட்டினார்கள். இருபது பேர். கடைசிப் பெயர் என் வீட்டுக்காரருடையது. அவர் ஓடிவந்து சொன்னபோது நான் சிரித்தேன், சாமிக்கு விளக்கேற்றினேன். அண்ணன் பெயர் பதிவேட்டில் இருந்திருந்தால் அந்த இருபதில் அவர் இருந்திருப்பார், என் வீட்டுக்காரர் இருபத்தோராவது ஆளாக வெளியே நின்றிருப்பார். இதைக் கணக்குப் போட எனக்குப் பள்ளிப் படிப்பு தேவையாக இருக்கவில்லை.

இரண்டு வருடமாகப் போகலாம், வேண்டாம் என்று இருந்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக ராயபுரத்துக்குப் போனேன். மாதா கோவிலுக்குப் பின்னால் குறுகலான சந்து. அக்கா வாசலில் உட்கார்ந்து முறத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அண்ணன் துறைமுகத்தில் அன்றாடக் கூலிக்கு மூட்டை தூக்குகிறார், அன்று ஞாயிறாக இருந்தும் கப்பல் வந்ததால் போயிருக்கிறார் என்றாள். உட்கார்ந்தேன். அன்றைக்கு அந்த ஆளிடம் சொன்னது நான்தான் என்று மட்டும் சொன்னேன்.

நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே, "தெரியும்" என்றாள். "என்கொயரில அந்த ஆளே சொல்ட்டானாம், பக்கத்து வூட்டுப் பொண்ணு சொல்லிச்சின்னு. இவுரு வூட்டுக்கு வந்து என்னாண்ட மொதல்ல சொன்னதே அதத்தான். சொல்லிட்டு, அந்தப் பொண்ணு காதுல போட்டுடாத, கொயந்தைக்குப் பால் குட்த்துகினு கீது, பயந்துச்சின்னா பால் வத்திடும்னாரு."

அவளே கேட்டாள்: "இப்ப பால் மறந்துட்டாளா?"

"மறந்து எட்டு மாசமாச்சுக்கா."

"அப்ப கேக்கலாம்." கை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்குடி சொன்ன?"

பட்டியல் என்று நினைத்தேன், ஆள் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று பயந்தேன், அண்ணனுக்கு வேலை போய்விடக் கூடாதே என்றுதான் சொன்னேன் என்றேன். எல்லாம் உண்மை. "அவ்ளோதானா?" என்றாள்.

இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்ளாததை அப்போதுதான் என் வாயிலிருந்து கேட்டேன். "அண்ணன் சீக்கிரம் உள்ள போனா, எங்க வீட்டுக்காரர் முறையும் சீக்கிரம் வரும்னு நெனச்சேன்க்கா."

அக்கா முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். "உனுக்கு இப்ப பாரம் எறங்கிச்சி. எனுக்கு எறங்கல" என்றாள். "இதப் பாரு. அவராண்ட இத்தச் சொல்லாத. நீ அவரு நல்லதுக்குத்தான் சொன்னன்னு நெனச்சிகினு கீறாரு. அத்தயாச்சும் அவராண்ட வுட்டு வை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது சந்து முனையில் அண்ணன் வருவது தெரிந்தது. தலையில் கோதுமைத் தூசி, தோளில் சுருட்டிய கோணி. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "அட, எப்பம்மா வந்த? கொயந்தைய இட்டாரலியா? தம்பிக்கு இப்ப எந்த ஷிப்டு?"

"ரெண்டாவது ஷிப்ட்ண்ணே."

"வேல ஃபுல்லா ஓடுதா?"

அக்கா மறுபடி குனிந்து நெத்திலியை எடுத்துக்கொண்டாள்.

"ஓடுதுண்ணே" என்றேன்.